பழுப்பு நிலக்கரிச் சுரங்கக் குத்தகையும் சுற்றுச்சூழல் மதிப்பீடும்: தமிழ்நாட்டு வரலாறு

நிலத்துக்கு அடியில் உள்ள நிலக்கரியைத் தோண்டியெடுக்கும் உரிமையை அரசு ஒரு நிறுவனத்துக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு வழங்குவது சுரங்கக் குத்தகை எனப்படும். குத்தகைக்கு விடப்படுவது நிலக்கரி மட்டும்தான் என்றாலும், அதன் மேலே உள்ள வயலும் கிணறும் ஏரியும் ஊரும் அந்த முடிவோடு பிணைந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் வெட்டியெடுக்கப்படுவது பழுப்பு நிலக்கரி. இந்தியாவில் கண்டறியப்பட்ட பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இம்மாநிலத்தில்தான் உள்ளது. நெய்வேலியில் 1956இல் தொடங்கிய இந்த வரலாறு, 2023இல் காவிரிப் படுகையின் மூன்று நிலக்கரித் தொகுதிகள் ஏலப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டபோது ஒரு திருப்பத்தை அடைந்தது. சுற்றுச்சூழல் இழப்பு எவ்வளவு என்ற கேள்வியோடு, அந்த இழப்பு எந்தக் கட்டத்தில் கணக்கிடப்பட்டது என்ற கேள்வியும் இவ்வரலாற்றில் தொடர்ந்து எழுந்து வந்துள்ளது.

காஞ்சிபுரத்துப் பாறைகளும் கடலூர் மணற்கற்களும்

இந்தியாவின் கறுப்பு நிலக்கரியில் மிகப் பெரும்பகுதி கீழ்க் கோண்டுவானாப் பாறைகளில் கிடைக்கிறது. இன்றைய சார்க்கண்ட், ஒடிசா, சத்தீசுகர், தெலங்கானா ஆகிய மாநிலங்களின் சுரங்கங்கள் இப்பாறைகளில் அமைந்தவை. கோண்டுவானா வகைப் பாறைகள் தமிழ்நாட்டிலும் உண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர்ப் படிவுகளில் பழங்காலச் செடிகளின் இலைப்பதிவுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. இராபர்ட் புரூசு பூட் 19ஆம் நூற்றாண்டில் இப்பகுதியின் நிலவியலை விரிவாக வரைந்தார். ஆனால் இவை காலத்தால் பிந்திய மேல் கோண்டுவானாப் படிவுகள். செடிகளின் பதிவுகள் இருந்தும் வெட்டியெடுக்கத் தக்க நிலக்கரி இவற்றில் இல்லை.

பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தைச் சுற்றி நிலக்கரிச் சுரங்கம் தோன்றாததற்கும், அங்கிருந்து தெற்கே கடலூர் மாவட்டத்தில் தோன்றியதற்கும் காரணம் இந்த நிலவியல் வேறுபாடே. கடலூர் மணற்கற்கள் எனப்படும் இளம்பாறைகளுக்கு இடையில் பழுப்பு நிலக்கரி அடுக்கு அமைந்துள்ளது. நெய்வேலியிலிருந்து செயங்கொண்டம் வழியாக மன்னார்குடி வரை அந்த வளம் பரவியிருக்கிறது. தெற்கே போகப்போக ஆழம் கூடுகிறது. இதே மணற்கற்கள்தாம் அப்பகுதியின் நிலத்தடி நீரையும் தேக்கி வைத்துள்ளன. எனவே நிலக்கரியைத் தொடுவது என்றால் நீரையும் தொடுவது என்றே பொருள்.

நெய்வேலியும் நிலத்தடி நீரும்

நெய்வேலியில் 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருநிறப் பொருள் வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரியைக் கண்டறிய வழிவகுத்தது. 1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை துளையிட்டு ஆய்வு செய்தது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பொதுத்துறை நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. அப்போது காமராசர் முதலமைச்சராக இருந்தார். 1957 மே 20 அன்று பிரதமர் சவகர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகத்து மாதத்தில் நிலக்கரி அடுக்கு வெளிப்பட்டது. சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் அமைந்த அனல்மின் நிலையம் அடுத்த ஆண்டில் மின்சாரம் தரத் தொடங்கியது.

தொடக்கத்திலிருந்தே பொறியாளர்களின் பெரிய கவலை நிலத்தடி நீராக இருந்தது. நிலக்கரி அடுக்குக்குக் கீழே அழுத்தம் மிகுந்த நீர்த்தாங்கி உள்ளது. மேலுள்ள மண்ணை அகற்றிவிட்டால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 6 முதல் 8 கிலோ அழுத்தத்துடன் அந்த நீர் சுரங்கத் தரையை உடைத்துக்கொண்டு மேலெழும். அதைத் தடுக்கச் சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து, இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. சுரங்கம் இயங்கும் வரை இந்த இறைப்பும் நிற்காது. இவ்வாறு வெளியேறும் நீரில் ஒரு பகுதி மின் நிலையத்துக்கும் பாசனத்துக்கும் பயன்பட்டது. சென்னையின் குடிநீர்த் தேவைக்கும் நெய்வேலிப் பகுதி நீர் எடுக்கப்பட்டது.

பழுப்பு நிலக்கரியில் ஈரம் மிகுதி, வெப்பத்திறன் குறைவு. தொலைவுக்கு எடுத்துச் செல்வது கட்டுப்படியாகாது என்பதால் சுரங்கத்தின் அருகிலேயே மின் நிலையம் அமைக்கப்படுகிறது. ஆகவே ஒரு பழுப்பு நிலக்கரிக் குத்தகை சுரங்கப் பள்ளத்தோடு முடிவதில்லை. புகைபோக்கி, சாம்பல் குட்டை, அகற்றிய மண்ணின் குன்றுகள் ஆகியவையும் அதே ஊர்களில் வந்து சேர்கின்றன.

நெய்வேலி தென்மாநிலங்களுக்கு மின்சாரத்தையும் பல்லாயிரம் பேருக்கு வேலையையும் தந்தது. திட்டமிட்டு அமைந்த நகரமும் உருவானது. மறுபுறம், நிலம் கொடுத்த குடும்பங்களின் வேலை, மாற்று மனை, இழப்பீடு பற்றிய கோரிக்கைகள் தலைமுறை கடந்தும் தொடர்கின்றன. தொடக்க ஆண்டுகளில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்ற நடைமுறையே நாட்டில் இல்லை. நிலத்தடி நீர் அன்று சுரங்கத்துக்கு வரக்கூடிய ஆபத்தாக மட்டுமே ஆராயப்பட்டது. சுரங்கத்தால் நீருக்கு வரக்கூடிய ஆபத்து பிற்காலத்துக் கேள்வியாகும்.

நிலத்தடிச் சுரங்கம் மாற்றாகுமா?

திறந்தவெளிச் சுரங்கம் மேல்நிலத்தை முழுவதுமாக அழிப்பதால், நிலத்தடிச் சுரங்கமே தீங்கு குறைந்த வழி என்று பொதுவாகக் கருதப்படுகிறது. வயலும் காடும் மேலே அப்படியே இருக்க, அடியில் நிலக்கரி மட்டும் எடுக்கப்படும் என்பது அதன் ஈர்ப்பு. ஆனால் மேற்கு வங்கத்தின் இராணிகஞ்சு, சார்க்கண்டின் சரியா ஆகிய பழைய நிலக்கரி வயல்களின் வரலாறு வேறு பாடத்தைத் தருகிறது. நிலக்கரி எடுக்கப்பட்ட வெற்றிடம் நிரப்பப்படாமல் விடப்பட்ட இடங்களில் தாங்கு தூண்கள் நொறுங்கி மேல்நிலம் உள்வாங்கியது. சரியாவில் 1916இல் பதிவான நிலத்தடித் தீ ஒரு நூற்றாண்டைக் கடந்தும் முற்றாக அணையவில்லை. தீயும் நிலச்சரிவும் காரணமாக மக்களை இடம்பெயர்க்க 2009இல் மைய அரசு பெருந்திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது.

வெற்றிடத்தை மணலால் நிரப்புவது உள்வாங்குதலைக் குறைக்கும் வழிகளில் ஒன்று. தாமோதர் ஆற்று மணல் இதற்கெனப் பெருமளவில் எடுக்கப்பட்டது. ஓரிடத்துத் தீங்கைக் குறைக்க எடுத்த முயற்சியின் சுமை இவ்வாறு ஆற்றின் மேல் விழுந்தது.

காவிரிப் படுகைக்கு இக்கேள்வி இன்னும் கூர்மையானது. நெய்வேலியில் மேலுள்ள மண் தளர்வானது, நீரும் அழுத்தம் மிக்கது. அங்கே திறந்தவெளி முறை பின்பற்றப்பட்டதற்கு இவை முக்கியக் காரணங்கள். படுகையின் பாசனமோ மிகச் சிறிய சரிவை நம்பியே இயங்குகிறது. தலைமதகிலிருந்து கடைமடை வரை நீர் எந்த எந்திரமும் இன்றி, நிலத்தின் சாய்வாலேயே வாய்க்கால்களில் ஓடுகிறது. மலைப்பகுதியில் அரை மீட்டர் உள்வாங்குதல் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். சமவெளிப் பாசனத்தில் அதே அளவு பள்ளம் ஒரு வாய்க்காலின் ஓட்டத்தை நிறுத்தவும், வயலை நீர்தேங்கும் குட்டையாக்கவும் போதுமானது. கடற்கரைக்கு அருகில் நிலத்தடி நீர்மட்டம் இறங்கினால் கடல்நீர் உட்புகும் வாய்ப்பும் கூடுகிறது.

சட்டங்கள் வந்த வரிசை

1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் குத்தகை முறைக்கு அடிப்படையாக அமைந்தது. 1970களின் தொடக்கத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. 1980இல் வந்த வனப் பாதுகாப்புச் சட்டம், காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற மைய அரசின் முன் அனுமதி வேண்டும் என்றது. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1994இல் வெளியான அறிவிக்கை சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைச் சட்டக் கடமையாக்கியது. 2006 செப்டம்பர் 14 அறிவிக்கை, ஆய்வு எல்லையை வரையறுத்தல், பொதுமக்கள் கருத்துக்கேட்பு, வல்லுநர் குழுவின் பரிசீலனை முதலிய கட்டங்களை வகுத்தது.

நிலக்கரித் தொகுதிகளை ஒதுக்கிய முறை தன்னிச்சையானது என்று கூறி, 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 204 ஒதுக்கீடுகளை நீக்கியது. 2015இல் ஏல முறை சட்டமானது. 2020 சூனில் தனியார் நிறுவனங்களும் வணிக நோக்கில் நிலக்கரி தோண்டுவதற்கான ஏலம் தொடங்கியது. இந்தச் சீர்திருத்தங்களின் மையக் கேள்வி நேர்மை பற்றியது: பொதுச்சொத்து யாருக்கு, என்ன விலைக்குப் போகிறது? எந்த நிலக்கரியைத் தோண்டாமலே விடுவது என்ற கேள்வி அதில் இடம்பெறவில்லை.

ஏல முறையில் முதலில் தொகுதி அறிவிக்கப்படுகிறது. ஏலத்தில் வென்ற நிறுவனம் அதன்பின் சுரங்கத் திட்டம் தயாரித்து, சுற்றுச்சூழல் அனுமதி பெற்று, இறுதியில் குத்தகை ஆவணத்தில் கையெழுத்திடுகிறது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் உழவர் ஒருவர் எழுந்து பேசும் வேளையில், அவருடைய வயல் ஏற்கெனவே ஒரு வரைபடத்தில் தொகுதியாகக் குறிக்கப்பட்டு, விலை பேசப்பட்டு முடிந்திருக்கும். அந்தக் கட்டத்தில் மதிப்பீடு பெரும்பாலும் நிபந்தனைகளை விதிக்க உதவுகிறது. இடத்தை மாற்ற அது உதவுவது அரிது.

முன்கூட்டியே கணக்கிடும் முயற்சி ஒன்று நடக்காமல் இல்லை. 2009ஆம் ஆண்டு வாக்கில் சுற்றுச்சூழல், நிலக்கரி அமைச்சகங்கள் சேர்ந்து ஒன்பது பெரிய நிலக்கரி வயல்களை ஆராய்ந்தன. அடர்ந்த காடுள்ள பகுதிகளை ‘போகக்கூடாத’ இடங்கள் என்றும் மற்றவற்றைப் ‘போகலாம்’ என்றும் பிரித்தன. நிலக்கரித் துறையின் எதிர்ப்பால் அது நடைமுறையில் நிலைக்கவில்லை. அந்தப் பிரிவினைக்கு அளவுகோல் காடு. நெல் வயல் அதில் அளவுகோலாக இடம்பெறவில்லை.

செயங்கொண்டமும் மன்னார்குடியும்

அரியலூர் மாவட்டம் செயங்கொண்டம் பகுதியில் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக 1990களின் பிற்பகுதியில் நிலம் கையகப்படுத்தும் பணி தொடங்கியது. பல ஊர்களின் நிலங்கள் அதில் சிக்கின. இழப்பீடு போதாது என்று தொடுக்கப்பட்ட வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. சுரங்கம் தோண்டப்படவே இல்லை. இறுதியில் திட்டத்தைக் கைவிட்டு நிலங்களை உரியவர்களுக்குத் திருப்பி அளிக்க மாநில அரசு முடிவு செய்தது. ஒரு திட்டம் நிறைவேறாமல் போனாலும், அது காகிதத்தில் இருக்கும் காலம் முழுவதும் நிலத்தை விற்கவோ அதன்மேல் கடன் பெறவோ முடியாமல் குடும்பங்கள் தவிக்க நேரிடும் என்பதைச் செயங்கொண்டம் காட்டியது. இந்த வகை இழப்பு எந்தச் சுற்றுச்சூழல் அறிக்கையிலும் தனித் தலைப்பாக வருவதில்லை.

மன்னார்குடியில் நிலக்கரி ஆழத்தில் இருப்பதால், அதைத் தோண்டாமல் அதில் தங்கியுள்ள மீத்தேன் எரிவளியை எடுக்கும் திட்டம் வந்தது. 2010இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு 691 சதுர கிலோமீட்டர் பரப்பு ஒதுக்கப்பட்டது. நிலக்கரி அடுக்கிலிருந்து எரிவளி வெளிவர வேண்டுமானால் முதலில் நிலத்தடி நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். மேல்நிலம் பெரிதாகத் தோண்டப்படாது என்று கூறப்பட்டாலும், நீர் வெளியேறும் என்பதை உழவர்கள் பிடித்துக்கொண்டனர். இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று பரப்புரை செய்தார். அப்பணியின் நடுவிலேயே 2013 திசம்பர் 30 அன்று காலமானார். மாநில அரசு அமைத்த வல்லுநர் குழு பாதிப்புகளை ஆராய்ந்தது. அதன் அடிப்படையில் 2015இல் அரசு திட்டத்தை மறுத்தது. உரிமை வழங்கிய பிறகே கணக்குப் பார்த்ததால், இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் போராட்ட ஆண்டுகளாகக் கழிந்தன.

2020 சட்டமும் 2023 ஏல அறிவிப்பும்

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல வளர்ச்சிச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் அதில் அடங்கின. எண்ணெய், இயற்கை எரிவளி, நிலக்கரிப் படுகை மீத்தேன் போன்றவற்றை எடுக்கும் புதிய திட்டங்களும், சில வகை உருக்காலைகளும், தோல் பதனிடும் தொழிலும் அம்மண்டலத்தில் தடை செய்யப்பட்டன. ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியாக எடைபோடுவதற்குப் பதில், ஒரு நிலப்பரப்பை முன்கூட்டியே எடைபோட்டு ஒதுக்கிய சட்டம் இது.

2023 மார்ச் இறுதியில் மைய நிலக்கரி அமைச்சகம் வெளியிட்ட ஏலப் பட்டியலில் தஞ்சாவூர் மாவட்டத்து வடசேரி, அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டி, கடலூர் மாவட்டத்துக் கிழக்குச் சேத்தியாத்தோப்பு ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரித் தொகுதிகள் இடம்பெற்றன. சேத்தியாத்தோப்புப் பகுதி, சோழர் கால வீராணம் ஏரியின் பாசனத்தோடு தொடர்புடையது. அந்த ஏரியிலிருந்தே 2004 முதல் சென்னைக்குக் குழாய் வழியே குடிநீர் செல்கிறது. ஏப்ரல் 4 அன்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், 2020 சட்டத்தைச் சுட்டிக்காட்டியும் மாநிலத்தைக் கலந்துபேசாமல் அறிவிப்பு வெளியிட்டதைக் குறிப்பிட்டும் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் சட்டமன்றத்தில் எல்லாக் கட்சிகளும் கவலை தெரிவித்தன. ஏப்ரல் 8 அன்று மைய நிலக்கரி அமைச்சர் பிரகலாத் சோசி, மூன்று தொகுதிகளையும் ஏலத்திலிருந்து நீக்க ஆணையிட்டதாக அறிவித்தார்.

மன்னார்குடியில் ஐந்து ஆண்டுகள் எடுத்த முடிவு இங்கே சில நாட்களில் கிட்டியது. அரசியல் ஒற்றுமை அதற்கு ஒரு காரணம். எவரும் ஏலத்தில் பணம் கட்டியிருக்கவில்லை, எந்த நிறுவனத்துக்கும் உரிமை பிறந்திருக்கவில்லை என்பது இன்னொரு காரணம்.

அதே ஆண்டு சூலையில் இதற்கு நேர்மாறான காட்சி அருகிலேயே நிகழ்ந்தது. நெய்வேலி இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றின் போக்கை மாற்றும் வாய்க்கால் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் வெட்டப்பட்டது. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. வயலில் பயிர் நிற்கிறது, இழப்பீடு போதாது என்பது உழவர்களின் முறையீடு. கதிர்விடும் பருவத்து நெல்மேல் எந்திரங்கள் இறங்கிய படங்கள் நாடெங்கும் பரவின. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. பழைய உரிமை ஒன்று இருக்கும் இடத்தில், பேசுவதற்கு இழப்பீட்டுத் தொகை மட்டுமே எஞ்சியிருந்தது.

கொலராடோ வழக்கு

அமெரிக்காவில் அரசு நிலத்து நிலக்கரியைக் குத்தகைக்கு விடும்போது, 1970 முதல் நடப்பில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டப்படி குத்தகை முடிவுக்கு முன்பே தாக்க அறிக்கை தயாராக வேண்டும். கொலராடோ மாநிலத்தின் வெசுட் எல்க் நிலத்தடிச் சுரங்கத்துக்குக் கூடுதல் பரப்பு வழங்கிய முடிவு 2014இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. சுரங்கம் அடியில்தான் இருந்தது. எனினும் மீத்தேனை வெளியேற்றும் துளைகளுக்காக, சாலை இல்லாத காட்டில் சாலைகள் போட வேண்டியிருந்தது. குத்தகையால் வரும் வருவாயையும் வேலைவாய்ப்பையும் எண்களால் கணக்கிட்ட துறைகள், பசுங்குடில் வளிமங்களால் வரும் இழப்பைக் கணக்கிட இயலாது என்று விட்டுவிட்டதை நீதிமன்றம் ஏற்கவில்லை. நன்மையை எண்ணால் எழுதினால் தீமையையும் எண்ணால் எழுத முயல வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். புதிய அறிக்கைக்குப் பின் 2017இல் அக்குத்தகை மீண்டும் அனுமதிக்கப்பட்டது. மதிப்பீடு ஒரு திட்டத்தைத் தடுத்தே தீரும் என்பதில்லை. ஆனால் என்ன விலை கொடுத்து அது வாங்கப்படுகிறது என்பதை அது வெளிப்படையாக்குகிறது.

பாலாற்று மணல் தரும் ஒப்பீடு

நிலக்கரி இல்லாத காஞ்சிபுரத்திலும் இதே கேள்வி வேறு வடிவில் எழுந்தது. பாலாற்றில் ஆண்டின் பல மாதங்கள் நீர் ஓடுவதில்லை. ஆனால் மணலுக்கு அடியில் நீர் இருக்கும். நகரத்தின் குடிநீரும் கரையோர ஊர்களின் பாசனமும் அந்த மணற்படுகையை நம்பியிருந்தன. பட்டு நூலுக்குச் சாயமிடவும் அலசவும் நல்ல நீர் வேண்டும் என்பதால் நெசவுத் தொழிலுக்கும் அதில் பங்குண்டு. மணல் அள்ள அள்ள, நீரைத் தேக்கும் இடமே குறைகிறது. நெய்வேலியில் நீரைத் தாங்கும் பாறைக்கு நடுவே கனிமம் இருக்கிறது. பாலாற்றில் நீரைத் தாங்குவதே அந்தக் கனிமம்தான்.

2003 அக்டோபரில் தமிழ்நாடு அரசு மணல் அள்ளும் உரிமையைத் தனியாரிடமிருந்து எடுத்துத் தானே வைத்துக்கொண்டது. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், 5 எக்டேருக்கும் குறைந்த சிறு கனிமக் குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்றது. 2016 சனவரி அறிவிக்கை, மாவட்டம் முழுவதையும் ஆராய்ந்து எங்கே மணல் எடுக்கலாம், எங்கே கூடாது என்று காட்டும் மாவட்ட ஆய்வறிக்கை முதலில் தயாராக வேண்டும் என்றது. சிறு கனிமமான மணலுக்கு வகுக்கப்பட்ட இந்த வரிசை, பெருங்கனிமமான நிலக்கரியின் ஏலத்துக்கு இன்னும் வரவில்லை.

வரலாறு காட்டுவது

நெய்வேலியில் கணக்கு பார்க்கப்படாமலே சுரங்கம் வந்தது. செயங்கொண்டத்தில் நிலம் எடுத்தபின் திட்டம் கைவிடப்பட்டது. மன்னார்குடியில் உரிமை கொடுத்தபின் கணக்கு பார்க்கப்பட்டது. 2023இல் ஏலத்துக்கு முன்பே கணக்கு முடிந்திருந்ததால் நிறுவனத்துக்கு இழப்பில்லை, உழவருக்கு அலைச்சலும் குறைவு. ஆயினும் 2020 சட்டம் பொதுவாகப் படுகை மாவட்டங்களுக்கு மட்டுமே உரியது. மைக்கேல்பட்டி அதன் எல்லைக்கு வெளியே, ஒட்டி அமைந்த பகுதி. அதன் விலக்கு சட்டத்தால் வந்ததன்று, ஓர் அமைச்சரின் ஆணையால் வந்தது.

மின்சாரத் தேவை குறையப் போவதில்லை என்பதால் நிலக்கரி வேண்டும் என்ற வாதமும் தொடரும். அவ்வாதம் எழும்போதெல்லாம் மூன்று கேள்விகளுக்கு ஏலத்துக்கு முன்பே விடை வேண்டும் என்பதை இந்த அறுபது எழுபது ஆண்டுகள் கற்றுத் தந்துள்ளன. எவ்வளவு நீரை, எத்தனை ஆண்டுகளுக்கு இறைக்க வேண்டியிருக்கும்? நிலம் எவ்வளவு இறங்கும், அந்தப் பள்ளத்தில் வாய்க்கால் நீர் எந்தப் பக்கம் ஓடும்? சுரங்கம் மூடப்பட்ட பிறகு அந்த நிலத்தில் யார், என்ன பயிர் செய்ய முடியும்? கையெழுத்துக்கு முன் கேட்டால் இவை முடிவை மாற்றக்கூடிய கேள்விகள். கையெழுத்துக்குப் பின் இவை இழப்பீட்டு மனுக்களாகவே எஞ்சுகின்றன.